பாறை மேல் மூன்று வரி

பூம்பாறையில் பூண்டுப் பாத்திகள் முடிந்து தைலமரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. சிக்னல் கிடைப்பது அதன் மேல்தான். அதற்கென்று ஊரில் ஒரு வழக்கமும் உண்டு. ஒருவர் பாறையில் உட்கார்ந்து பேசும்போது, காத்திருக்கும் மற்றவர்கள் தங்கள் போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிட வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் இருவருக்குமே கிடைக்காது என்பது ஊரார் கணக்கு. இருபத்தைந்து வருடம் கணினித் தொழிலில் இருந்தவன் என்ற தோரணையில், இது விஞ்ஞானப்படி சரியில்லை என்று குடிவந்த புதிதில் நான் விளக்கியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னையும் ஏரோப்பிளேனில் போடச் சொன்னார்கள்.

அன்று மதியம் அந்தப் பாறையில், போனோடு இணைத்த மடிக்கணினியோடு நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் முன்பு அடித்த காற்றில் ஒரு மரம் சாய்ந்து, வீட்டு இணைய வயரை அறுத்துவிட்டது. நான் பராமரித்து வந்த இணையதளமோ காலையிலிருந்து திறக்கவில்லை. சில நர்சிங் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் வாங்கும் தளம் அது. கடைசி நாள் அன்றுதான், மாலை ஐந்து மணி வரை.

பாறைக்குக் கீழே ஒரு அம்மாளும் அவர் மகளும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்தக் காலத்தில் திரும்பி வந்த குடும்பம். அம்மாள் கேரட் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். மதிப்பெண் பட்டியலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். என்ன சோலியாக வந்தீர்கள் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் விண்ணப்பம் போட வந்தது என்னுடைய தளத்தில். வெள்ளனே வந்து முயற்சி செய்து பார்த்தார்களாம், பக்கமே திறக்கவில்லையாம்.

"சிக்னல்தான் சார். மலையில கெடக்குறவங்களுக்கு எது வெரசா வந்திருக்கு?" என்றார் அம்மாள்.

உடைந்தது தளம், உடைத்தது அநேகமாக நான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரிசெய்துவிட்டுச் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்தத் தளம் மூன்று கணினிகளில் ஓடுகிறது. அவற்றுக்கு முன்னால் லோட் பேலன்சர் என்று ஒன்று நிற்கும். கல்யாணப் பந்தி வாசலில் நின்று, நீங்க இந்த வரிசை, நீங்க அந்த வரிசை என்று ஆட்களைப் பிரித்து அனுப்புவாரே ஒருவர், அவருடைய வேலைதான் அதற்கும். ஏதோ ஒரு நிறுவனத்தின் 'கிளவுட்' என்கிற மேகத்தில், எந்த ஊரிலோ இருக்கும் அதன் அமைப்புகளைப் பார்க்க அழகான வலைப்பக்கம் உண்டு. பாறையில் கிடைக்கும் சிக்னலுக்கு அந்தப் பக்கத்தின் தலைப்புகூட வராது. எழுத்து மட்டுமே வரும். ஆகவே கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டிப் பதிலைப் படிப்பதுதான் ஒரே வழி.

முழு அமைப்பையும் கேட்டால் பக்கம் பக்கமாகக் கொட்டும். பாறையில் அது இறங்குவதற்குள் மேகமே வந்து மூடிவிடும். அதனால் பல மாதம் முன்பே சிக்கனமாக ஒரு குறுங்கட்டளை எழுதி வைத்திருந்தேன். அது மூன்று வரி மட்டும் காட்டும்: பெயர், முகவரி, நிலை. அந்தப் புத்திசாலித்தனத்தை நண்பர்களிடம் பெருமையடித்துக் கொண்டதும் உண்டு.

அன்று அந்த மூன்று வரியை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பெயர் சரி. முகவரி சரி. நிலை: ஆக்டிவ். பந்தி வாசலில் ஆள் தெம்பாக நிற்கிறார் என்று அர்த்தம். ஆகவே தவறு கணினிகளில்தான் என்று முடிவுகட்டி, மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்து எழுப்பினேன். அதில் இரண்டு மணி நேரம் போயிற்று. தளம் திறக்கவில்லை. மேலதிகாரியிடமிருந்து குறுஞ்செய்திகள் வந்தன. முதலில் கேள்விக்குறியோடு, பிறகு அதுவும் இல்லாமல்.

நாலே கால் ஆகியிருந்தது. தூறல் விழ ஆரம்பித்தது. அந்தப் பெண் தாவணித் தலைப்பை இழுத்து மதிப்பெண் பட்டியல் மேல் போர்த்தினாள். தன் தலையை நனைய விட்டுவிட்டாள்.

"இன்னிக்கு எனக்கு ஒரு பேரு போச்சு சார்," என்றார் அம்மாள். ஒரு நாள் வேலையைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். "அது போனாப் போகுது. இவளுக்கு ஒரு வருசம் போயிறக்கூடாது. ஒங்க சோலி இன்னும் எம்புட்டு நேரம்?"

வேறு வழியே இல்லாமல்தான், முழுப் பட்டியலையும் கேட்டேன். புதுக் கட்டிலைத் திருகாணி போட்டு முடுக்கி முடித்து, அது ஆடும்போது விளக்கத் தாளைத் தேடுகிற ஆள் நான். எழுத்துகள் சொட்டுச் சொட்டாக இறங்கின. ஏழெட்டு நிமிடம் கழித்து, என் மூன்று வரிக்கு வெகு கீழே, அது இருந்தது. மூன்று கணினிக்கும் நேராக 'ஆரோக்கியமில்லை' என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். லோட் பேலன்சர் அடிக்கடி ஒவ்வொரு கணினியின் கதவையும் தட்டி, நலமா என்று விசாரிக்கும். பதில் வராவிட்டால் அங்கே ஆளை அனுப்பாது. முந்தின நாள் இரவு நாங்கள் தளத்தைப் புதுப்பித்தபோது அந்தக் கதவை இடம் மாற்றியிருந்தோம். மாற்றலாம் என்று ஒப்புதல் கொடுத்தது நான். பேலன்சர் பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தது. மூன்று கணினியும் இலை போட்டுக் காத்திருக்க, வாசலில் நின்ற ஆக்டிவான ஆசாமி வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

கதவின் புதிய இடத்தைச் சொல்ல ஒரே வரிக் கட்டளை போதும். விரல் விறைத்திருந்தது. இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாம் முறை அனுப்பினேன். பதில் வரவில்லை. மேகம் இறங்கியிருந்தது. கட்டளை போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே நின்றதா, தெரியவில்லை.

நாலு முப்பத்தைந்து. நான் சரிபார்க்கிற ஒவ்வொரு நிமிடமும் அவளுடையது. போனை ஏரோப்பிளேனில் போட்டுவிட்டு இறங்கினேன்.

"நீ ஏறும்மா," என்றேன்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் கீழே ஈர மண்ணில் நின்று அவள் முகத்தையே பார்த்தேன். தளம் சரியாகிவிட்டதா என்று காட்ட அந்த முகத்தைத் தவிர எனக்கு வேறு திரை பாக்கியில்லை. பக்கம் திறந்தது. பிறகு புகைப்படம் பெரிதாக இருக்கிறது என்று தளம் மறுத்தது. அந்த விதியையும் எழுதியது நான்தான். அவள் படத்தைச் சுருக்கித் திரும்ப ஏற்றினாள். நாலு ஐம்பத்து மூன்றுக்கு விண்ணப்ப எண் வந்தது. அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள்.

அம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க கை ராசி சார்," என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. காலையிலிருந்து கெட்டுக்கிடந்தது சிக்னல் இல்லை, தளம்தான், அதைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்று சொன்னேன். அம்மாள் கோபப்படவில்லை. வேறொன்று கேட்டார்.

"அப்ப பக்கத்தூரு கூக்கால்ல எங்கக்கா மவ காலையில இருந்து போட்டுப் பாத்துட்டு, சிக்னல் இல்லேன்னு வேலைக்குப் போயிட்டாளே. அவளுக்கும் இதானா?"

மகள் அதற்குள் அவளைப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பத் திரும்ப அதே குரல். நாமே போட்டுவிடலாமா என்று கேட்டேன். அவளுடைய மதிப்பெண் பட்டியல் இங்கே யாரிடமும் இல்லை. ஐந்து மணிக்கு விண்ணப்பப் பக்கம் மூடிக்கொண்டது. அன்று நாள் முழுக்க அந்தத் தளம் நேரத்துக்குச் செய்த ஒரே வேலை அதுதான்.

அங்கேயே உட்கார்ந்து மேலதிகாரிக்கு எழுதினேன். தவறு என்னுடையது, வந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள், ஒரு நாள் கூடுதலாகத் திறந்து வைக்கக் கல்லூரிகளிடம் கேளுங்கள் என்று. கல்லூரிகளுக்கு ஒரு புகார்கூட வரவில்லையே என்று பதில் வந்தது. எப்படி வரும்? மலையில் இருப்பவர்கள் மலையைத்தானே குறை சொல்வார்கள். இன்னொரு முறை எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

இருட்டுமுன் வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மாள் நின்றார். "நான் போய்ச் சொன்னா அவ நம்ப மாட்டா சார். தனக்குத்தான் போடத் தெரியலேன்னு அழுதுட்டுக் கெடப்பா. நீங்களே வந்து சொல்லுங்க."

கூக்காலுக்குப் பஸ் குறைவு. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மாளுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். அவர் அக்கா மகளிடம் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். மன்னிப்பிலிருந்தா, லோட் பேலன்சரிலிருந்தா? ஊர் வந்துவிட்டது.