நடக்காத கதைகளுக்கு இடமில்லை

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் ஆண்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். நான் கிளிவெட்டியில் இருந்து திருகோணமலைக்குப் போனபோது என்னிடம் ஒரு பெட்டி உடுப்பும் ஏழு பெட்டி புத்தகமும் இருந்தன. வயல் சூழ்ந்த கிளிவெட்டியின் மாப்பிள்ளை என்றால் நெல்லோடு வருவார் என்று ஒழுங்கைச் சனமே எதிர்பார்த்திருந்தது. லொறியில் இருந்து பெட்டிகளை இறக்கும்போது பாரத்தைப் பார்த்து, அரிசிதான் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கை கொடுக்க ஓடிவந்தார். ஒரு பெட்டி பிரிந்து உள்ளே இருந்தது தெரிந்ததும் அவருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

மனைவியின் அம்மா, என் மாமி, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் என்ன புத்தகம் தம்பி?"

"நாவல், சிறுகதை, மாமி."

"நடந்ததுகளோ?"

"இல்லை. கற்பனை."

"நடக்காத கதைக்கு ஏழு பெட்டியோ?"

இலக்கியம் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதற்கு மட்டும் நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். பெட்டிகள் நேரே பின்வளவுக் கொட்டிலுக்குப் போயின. அங்கே தேங்காய்கள் குவிந்திருந்தன. கூரைத் தகரத்தில் வானம் தெரிந்தது. அது வறண்ட கச்சான் காற்று வீசும் காலம் என்பதால் உடனே ஆபத்தில்லை. வாடை தொடங்கி மாரி மழை பிடித்தால் ஏழு பெட்டியும் கூழ். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல இருந்ததெல்லாம் அந்தப் பெட்டிகள்தான். எனக்குக் கவலையாக இருந்தது.

வீட்டுக்குள் நல்ல இடம் ஒன்று இருந்தது. விறாந்தையைத் தாண்டியதும் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி. மேல் தட்டுகள் முழுக்க நீலப் பூப்போட்ட தேநீர்க் கோப்பைகள். கீழ்த்தட்டு வெறுமை. வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்த மாமி, அலுமாரியைப் பூட்டி அதன் திறப்பை மட்டும் இடுப்பில் செருகி வைத்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்கே வாடகைக் கோப்பையில்தான் தேநீர் கொடுத்தார்கள்.

"அது அண்ணா வரேக்க எடுக்கிறதுக்கு" என்றாள் மனைவி.

அண்ணா கனடாவில் இருந்தார். நான் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை தொலைபேசியில் கதைக்கும்போதும் வாற வருசம் வருவதாகச் சொல்வார்.

கீழ்த்தட்டைப் பற்றிக் கேட்டபோது மாமி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"உண்மையான புத்தகம் எண்டால் வையுங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்ல."

என்னிடம் உண்மையான புத்தகம் ஒன்றுகூட இல்லை. அதுவரை அதைப் பெருமையாக நினைத்திருந்தேன். முதலில் இரண்டு மூன்று உண்மைகளை உள்ளே விட்டு, அவற்றின் பின்னால் நாவல்களை ஒவ்வொன்றாகக் கடத்துவது என்று திட்டமிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில், நான் அதுவரை முதுகைக் காட்டியே நின்றிருந்த மூலைக்குப் போய்ப் பறவைகள் பற்றி ஒன்று வாங்கினேன்.

மாமி பக்கங்களைப் புரட்டி நீர்க்காகத்தில் நின்றார். அது செட்டையை விரித்துக் காயவிட்டுக்கொண்டிருந்தது.

"ஓம், துறைமுகத்தடியில இப்பிடித்தான் நிக்கும். இதைக் காசு குடுத்தோ பாக்கிறது?"

ஆனாலும் உண்மை என்பதால் புத்தகம் உள்ளே போனது. அடுத்து கறையானைப் பற்றி ஒன்று வாங்கினேன். அதை அலுமாரியில் பத்திரமாக வைத்த கிழமையே கொட்டிலில் கறையான் ஏறி இரண்டு நாவல்களைத் தின்றுவிட்டது. புத்தகத்தை எடுத்து வாசித்தேன். அவற்றின் புற்றுக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்ற அத்தியாயத்தை முடித்தபோது என்னால் முழுதாகக் கோபப்பட முடியவில்லை. தவிர, என்ன வகைப் புத்தகம் என்று கறையான் பார்ப்பதில்லை. அந்த விசயத்தில் மாமியைவிட அதற்குப் பரந்த மனசு.

கடத்தல்காரனுக்குச் சரக்கில் ருசி ஏற்பட்டால் தொழில் கெட்டுவிடும். எனக்கு அதுதான் நடந்தது. கந்தளாய்க் கந்தோருக்கு வேலைக்காக பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மீன், மண், காற்று என்று வாசித்தேன். நாவலில் 'தூரத்தில் ஒரு பறவை கத்தியது' என்று வந்தால், எந்தப் பறவை என்று சொல்லாமல் எழுதினவர்மேல் எரிச்சல் வரத் தொடங்கியது.

பிறகு வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டேன். கிழக்குக் கரையின் சீதன வீடுகளைப் பற்றிய சமூகவியல் ஆய்வு ஒன்றை வாங்கிவந்தேன். நாவல்காரர் பல பக்கம் சுற்றிவளைத்துச் சொல்வதை அந்த ஆய்வாளர் அட்டவணை போட்டுச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்த மருமகன் நெடுங்காலம் விருந்தாளியாகவே இருக்கிறான் என்றது ஒரு பக்கம். எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டை எழுதிக்கொடுத்த தாயும் மெல்ல மெல்ல விருந்தாளி ஆகிறாள் என்றது அடுத்த பக்கம். மாமி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இவர் எந்த வீட்டில இருந்து எழுதினவர்?"

"கன வீடுகளில விசாரிச்சு எழுதினது, மாமி."

"வீட்டுக் கதையை எல்லாம் இப்பிடி வெளியால சொல்லுறதோ?"

உண்மை இல்லை என்று சொல்ல அவருக்கு ஏலவில்லை. புத்தகத்தைக் கீழ்த்தட்டின் மூலையில், தலைப்புத் தெரியாதபடி திருப்பி வைத்தார்.

காற்று மாறத் தொடங்கியது. கொட்டிலில் இன்னும் ஏழு பெட்டி, இரண்டு நாவல் குறைய. அவசரத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தேன். அட்டை நிறைய ஒரு பெரிய மீன் படம் போட்ட நாவலை எடுத்துப்போய், "மீன் புத்தகம், மாமி" என்றேன். அட்டையை மட்டும்தான் யோசித்தேன். உள்ளே என்ன கதை என்பதை யோசிக்கவில்லை.

மீன் என்றால் மாமிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிழை பிடிப்பதற்கென்றே வாசிக்கத் தொடங்கினார். அந்தக் கிழமை முழுக்க மத்தியானச் சாப்பாடு பிந்தியது. ஒருநாள் குசினியில் சோறு அடிப்பிடித்து மணந்தபோதும் மாமி கதிரையை விட்டு எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை புத்தகத்தோடு என் முன்னால் வந்து நின்றார்.

"இதில மீன் இல்லை, தம்பி."

"இல்லை, மாமி."

"இப்ப வரும், இப்ப வரும் எண்டு கடைசி மட்டும் பாத்தனான். மீனும் வரேல்ல. மகனும் வரேல்ல."

அப்போதுதான் எனக்குக் கதை ஞாபகம் வந்தது. கடலுக்குப் போன மகனுக்காகக் கதவைத் தாழ் போடாமல் படுக்கும் ஒரு தாயின் கதை அது. மகன் வரவே மாட்டான். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"அது நடக்காத கதைதானே மாமி" என்றேன்.

"நடக்காதது எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

இடுப்பில் இருந்து திறப்பை எடுத்தார். அலுமாரியைத் திறந்து, மேல் தட்டுகளில் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக மகளிடம் நீட்டினார். மனைவி பயந்துபோய், "அம்மா, அண்ணா வரேக்க..." என்று தொடங்கினாள்.

"வாற வருசம், வாற வருசம் எண்டு அதுவும் நடக்காத கதைதான் பிள்ளை. அதுக்கு நான் ரெண்டு தட்டு குடுத்து வைச்சிருக்கிறன்." பிறகு என்னைப் பார்த்தார். "கோப்பை கொட்டிலில மழையில நனைஞ்சால் துடைக்கலாம். கடதாசி பழுதாப் போயிடும். கொண்டு வாங்கோ உங்கட பெட்டியளை."

எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. சந்தோசம்தான் கூட. அதனால் வெட்கம் இன்னும் கூடியது. மனைவியும் நானும் பெட்டிகளைச் சுமந்து வந்தோம். அலுமாரி கொள்ளாதவை அதன் தலையிலும் பக்கத்திலும் ஏறின. அன்று பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் நீலப் பூக் கோப்பையில் தேநீர் குடித்தோம். அதில் குடித்தால் ருசி கூடும் என்று எதிர்பார்த்தேன். அதே தேநீர்தான்.

மறுநாள் பார்த்தபோது, மேல் தட்டில், நாவல்களுக்கு முன்னால் ஒரு கோப்பை திரும்பி வந்திருந்தது. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார். அந்தத் தட்டில் புத்தகம் எடுக்கும்போதெல்லாம் கோப்பையைத் தூக்கி, புத்தகத்தை எடுத்துவிட்டு, பழையபடி அதே இடத்தில் கவிழ்த்து வைக்கிறேன்.