அபூ காயிப் கொடுத்த குறுந்தகடு

எங்கள் பஸ்ராவில் பிள்ளை இல்லாதவரையும் அப்பாவாக்கித்தான் கூப்பிடுவோம். அபூ காயிப் என்போம். காயிப் என்றால் கண்ணில் காணாதவன்; இன்னும் வந்து சேராத பிள்ளையின் தகப்பன் என்று அர்த்தம். மரியாதைக்குச் சொல்வதுதான். அஷார் கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்த நயீமுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. குழந்தை இல்லை என்று இரு வீட்டாரும் நெருக்கி, கல்யாணமான ஒன்பதாவது வருடம் அவரையும் அவர் மனைவி சாஜிதாவையும் பிரித்து வைத்தார்கள். அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டு போனாள். அவர் செய்துகொள்ளவில்லை. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சமூன் ரொட்டிக்குள் ஃபலாஃபல் வடை வைத்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். சேர்ந்து சாப்பிட நான் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

ரிப்பேருக்கு வரும் எல்லோருக்கும் ஒரு குறுந்தகடு சும்மா கொடுப்பார். மேலே அவர் கையெழுத்தில் போன் நம்பர். உள்ளே இரண்டு மென்பொருள்கள். ஒன்று கம்ப்யூட்டரில் சேரும் வேண்டாத பதிவுகளைக் கூட்டித் தள்ளும். இன்னொன்று காவல்காரன், முக்கியமான பதிவு ஏதாவது காணாமல் போனால் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். ஒருவர் வாங்கியதை நாலு பேர் அந்த நம்பரோடு நகல் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் கடை வாசலில் ஏழு கம்ப்யூட்டர் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் ஒரே நோய்: போட்ட இரண்டாவது நிமிடம் அப்படியே உறைந்துவிடும்.

"என்னண்ணே, வைரஸா?" என்று கேட்டேன்.

"வைரஸா இருந்தா நிம்மதியா இருப்பேன். இந்த ஏழு பேருக்கும் பொதுவா இருக்கிறது என் தகடு ஒண்ணுதான்."

மூன்று நாள் உட்கார்ந்தார். சேஃப் மோடில், அதாவது அவசியமானது மட்டும் ஓடும் நிலையில் போட்டால், பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. ஆகவே தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். ஒன்றைத் திறப்பது, பெட்டியை அணைத்துப் போடுவது, காத்திருப்பது. மறுபடி அடுத்தது. கூட்டுகிறவன் தனியாக இருந்தால் பிரச்சினை இல்லை. காவல்காரன் தனியாக இருந்தாலும் இல்லை. இரண்டையும் சேர்த்துவிட்டதும் உறைந்தது. அந்த வாரம் காவல்காரன் இணையம் வழியாகத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறான். அதன்பின் குப்பை போனாலும் திருட்டுப் போனதாக எண்ணித் திரும்ப வைக்கிறான். கூட்டுகிறவன் அழிக்க, காவல்காரன் எழுத, பெட்டிக்கு வேறெதற்கும் மூச்சு இல்லை.

"ரெண்டுமே நல்ல சாமான்தான். சேத்து வச்சதுதான் தப்பு. வச்சவன் நான்" என்றார்.

அதன் பிறகு வீடு வீடாகப் போய் ஒன்றை நீக்கிவிட்டு வந்தார். சிலர் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். ஒரு ஹாஜியார், "வைத்தியரே நோயைக் கொண்டாந்து குடுத்தா நாங்க எங்கப்பா போறது?" என்று வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். நயீம் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும், ஜஸாயிர் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போனார். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர் வீடு. யாரிடமோ நகல் வாங்கியிருக்கிறார், அதில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். நயீமை அவருக்கு அபூ காயிப் என்று மட்டும்தான் தெரியும். அங்கே நடந்ததைப் பல மாதம் கழித்துத்தான் நயீம் என்னிடம் சொன்னார்.

அந்த வீட்டுக்காரரின் மகள் ரீம், ஐந்து வயது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

"மாமா, உங்க பையன் எங்க போயிட்டான்?"

"எந்தப் பையன்மா?"

"காணாமப் போனவன். உங்க பேருலயே இருக்கே."

"தெரியலம்மா."

"தேடினீங்களா?"

"ரொம்ப நாள் தேடினோம்" என்றிருக்கிறார்.

தகப்பன் அவளை அதட்டிவிட்டு, உள்கதவருகே போய் டீயை வாங்கி வந்தார். நயீமுக்கு வைத்த கிளாஸைப் பார்த்துவிட்டு, "அட, உங்க கிளாஸ்ல மட்டும் அடியில சர்க்கரையே இல்ல. மறந்துட்டா. இருங்க, போட்டுக் கொண்டாரேன்" என்றார்.

"வேணாம். நான் இப்படித்தான் குடிக்கிறது."

"பஸ்ராவுல இப்படி ஒரு ஆளா? பிறந்தது இங்கதானா?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது. நயீம் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. சேஃப் மோடில் திரை கறுப்பாகத்தான் இருந்தது. காவல்காரனை நீக்கினார், பெட்டியை அணைத்துச் சாதாரணமாகப் போட்டார். இந்த முறை உறையவில்லை. திரை நிறைய ஒரு போட்டோ விரிந்தது. ஷத்துல் அரபு ஆற்றங்கரையில், காற்றில் பறக்கும் தலைத்துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் ரீமைத் தூக்கியபடி சாஜிதா.

"என் வீட்டுக்காரி" என்றார் அவர்.

"மாஷா அல்லாஹ்" என்று நயீம் குனிந்து பையைக் கட்டினார். டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாராம்.

"அவங்க எதுவும் பேசலையா?" என்று கேட்டேன்.

"வெளிய வந்தப்ப குரல் கேட்டுச்சு. பிள்ளைய சாப்பிடக் கூப்பிட்டுக்கிட்டிருந்தா."

மீதி வீடுகளையும் அந்த மாதத்துக்குள் முடித்தார். அதன் பிறகு யாருக்கும் குறுந்தகடு கொடுப்பதில்லை. கேட்டால், "எதாவது ஒண்ணு மட்டும் போட்டுக்குங்க" என்று அந்த மென்பொருளின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். இதையெல்லாம் சொன்ன அன்று மதியம் என் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வழக்கம்போல ஷட்டர் பாதி இறங்கியது. நானும் கூப்பிடவில்லை.