சிவப்புக் கோடு போட்ட புத்தகம்

சி.ஏ. படித்த நாட்களில் சிவப்பு மையால் நான் அடிக்கோடிட்ட வருமான வரிப் புத்தகத்தை, புதிது வாங்க வழியில்லாத செல்விக்குக் கொடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தையற்காரர் மகள்; ராஜபாளையத்தில் என் ஆடிட் ஆபீசுக்குப் பயிற்சிக்கு வந்தவள்.

“ராசியான புத்தகம்மா, இதையே படி” என்றேன். பஸ்ஸிலும் படித்தாள்.

வரித் தேர்வில் தோற்றாள்.

“ஒழுங்காப் படிச்சியா?” என்று சத்தம் போட்டேன்.

“இதுல இருந்தத அப்படியே எழுதுனேன், சார்.”

சட்டம் வருடா வருடம் மாறும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். கொடுத்ததோ நான் பாஸான காலத்துப் புத்தகம். கூசிப்போனேன்.

இன்று செல்வியும் ஆடிட்டர். அந்தப் புத்தகம் அவள் மேஜையில் இருக்கிறது.

“இத ஏம்மா இன்னும் வச்சிருக்கே?”

“படிக்க வார பிள்ளைகளுக்குப் புதுசுதான் வாங்கிக் குடுக்கணும்னு மறந்துறக் கூடாதுல்ல, சார்” என்று சிரித்தாள்.

சிவப்புக் கோடுகள் மங்கிவிட்டன. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.