பச்சை லிப்ஸ்டிக்

அணைத்த மெழுகுவத்தியின் புகையோடு பன்னீர் சோடாவின் வாசனையைக் கலந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் மலிவான லிப்ஸ்டிக் மணக்கும். போன வாரம் காரைக்குடியில் ஒரு மருந்துக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, என் இடது மணிக்கட்டில் வரிசையாக ஐந்து கோடுகள் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாழினிக்குப் பள்ளி ஆண்டு விழாவில் நடனம். ‘லைட் பிங்க் லிப்ஸ்டிக் கட்டாயம்’ என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. ஒவ்வொரு குச்சியின் அடியிலும் கடுகளவு எழுத்தில் அச்சிட்டிருந்ததை எல்லாம் படித்துவிட்டு, பிள்ளை நக்கிவிட்டால் என்ன ஆகும் என்று கடைப் பெண்ணிடம் கேட்டேன். “எல்லாப் பிள்ளைகளுக்கும் இதத்தான்க்கா வாங்கிட்டுப் போறாக, ஒண்ணும் ஆகல” என்றாள். ஒன்றும் ஆகாது என்பதை நான் அவ்வளவு எளிதில் நம்புகிறவள் இல்லை. லிப்ஸ்டிக்கால் ஒன்று ஆனதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவளும் நான்தான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மானகிரியில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பெரியப்பாவின் மகள் செல்வி அக்கா ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் காரைக்குடியில் ஒரு ‘ஃபேன்சி ஸ்டோரில்’ வேலை பார்த்தாள். வளையல், ரப்பர் பேண்டு, சாந்துப் பொட்டு, பவுடர் டப்பாக்களோடு லிப்ஸ்டிக்கும் அங்கே விற்பார்கள். வாங்க வருகிற பெண்கள் தங்கள் கையில் சாயம் படுவதை விரும்பமாட்டார்கள் என்பதால், கடைப் பெண்களே தங்கள் புறங்கையில் இழுத்துக் காட்டவேண்டும். ஆகவே அக்கா சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அன்றைக்கு எத்தனை பேர் வந்து கேட்டுவிட்டு வாங்காமல் போனார்கள் என்பது அவள் இடது கையில் கோடு கோடாக இருக்கும். “சாயக் கையோட சோத்துப் பானையத் தொடாத” என்று பெரியம்மா வாசலிலேயே சோப்பைக் கொடுத்துவிடுவார்.

ஒடிந்துபோன, அடிமட்டம் வரை தேய்ந்த குச்சிகளைக் குப்பையில் போடச் சொல்வார் முதலாளி. அக்கா அவற்றைப் பில் தாளில் சுருட்டி எனக்குக் கொண்டுவருவாள். நெல் மூட்டை அடுக்கிய அறையின் கதவைச் சாத்திவிட்டு, பீரோக் கண்ணாடியின் முன் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம். அவற்றுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம்: ‘காப்பிப் பொடி’, ‘செங்கல்’, ‘மாதுளை’. செங்கல் என் உதட்டில் வறட்டிபோல் ஒட்டும். மாதுளை அக்காவுக்குப் பொருந்தும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு அழுத்தித் துடைத்துவிடுவோம். பெரியம்மாவுக்குத் தெரிந்தால் வேறு பேச்சே இல்லை: “மொகத்துக்கு மஞ்சளும் நெத்திக்குப் பொட்டும் போதும். ஒதட்டுல சாயம் பூசுனா அடுப்படியில யாரு நிக்கிறது?” சாயத்துக்கும் அடுப்படிக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மானாமதுரையில் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவுக்கே தெரிந்துபோகும். அதனால் முதலில் கோயிலில் வைத்து, தற்செயலாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். வெள்ளிக்கிழமை காலை குன்றக்குடி மலைக்கு நாங்கள் சாமி கும்பிடப் போவோம்; அவரும் அவர் அம்மாவும் அதே வேளைக்கு வருவார்கள். பிடித்தால் அடுத்த பேச்சு. பிடிக்காவிட்டால் இரண்டு வீட்டாரும் முருகனைத்தான் பார்க்கப் போனார்கள் என்று ஆகிவிடும். பெரியம்மாவுக்கு மட்டும் தரகர் அவர்களை அடையாளம் காட்டியிருந்தார். மாப்பிள்ளையின் புகைப்படத்தை அக்கா கைப்பைக்குள் வைத்திருந்தாள். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. பெரியவர்கள் யாரும் அவளிடம் கேட்காததால், அது எனக்கு மட்டும் தெரிந்த செய்தியாக இருந்தது.

வியாழக்கிழமை அவள் கொண்டுவந்த தாள் சுருட்டில் ஒரு பச்சைக் குச்சி இருந்தது. பச்சை மிளகாயைப்போல் நல்ல பச்சை. ‘துபாய்ச் சரக்கு’ என்று சொல்லி இருபது ரூபாய்க்கு விற்கப் பார்த்தார்களாம். பச்சை உதட்டோடு யார் போவார்கள் என்று யாரும் வாங்கவில்லையாம். எங்கள் புறங்கைகள் இரண்டிலும் அன்றைக்கு இடம் இல்லாததால் அதை என் நகத்தில் தேய்த்துப் பார்த்தேன். நிறமே இல்லை; மினுமினுப்பு மட்டும் இருந்தது. மறுநாள் காலையில், பார்த்தால் தெரியாத மாதிரி ஏதாவது லேசாகப் போடவேண்டும் என்று அக்கா தயங்கிக்கொண்டு நின்றபோது நான்தான் அந்தக் குச்சியை எடுத்து நீட்டினேன். “ஒண்ணுமே தெரியாதுக்கா, சும்மா பளபளன்னு இருக்கும்” என்றேன். அவள் உதட்டில் போட்டேன். தெரியவில்லையே என்று மறுபடியும் போட்டேன். மூன்றாவது தடவை போட்டு என் விரலால் தேய்த்தும் விட்டேன். அதற்குள் பெரியம்மா தெருவிலிருந்து பஸ் வருவதாகக் கூப்பிட்டார்.

உதட்டின் சூட்டுக்கு அந்தப் பச்சை மெல்ல நிறம் மாறும் என்பது எங்களுக்குத் தெரியாது. பெரியம்மா பஸ்ஸின் முன் இருக்கையில்; நானும் அக்காவும் கடைசியில், கூட்டத்துக்கு நடுவே ஆளுக்கொரு ஓரத்தில் நின்றோம். குன்றக்குடியில் இறங்கியபின்தான் வெயிலில் அக்காவை நேராகப் பார்த்தேன். உதடு ராணி கலரில் இருந்தது. சாயம் பூசியதுபோல் இல்லாமல், உள்ளேயிருந்தே வந்ததுபோல் இருந்தது. நீலப் புடவையும் கனகாம்பரமும் அந்த உதடுமாக அவள் அன்றைக்கு நின்ற நிற்பை இன்றைக்கும் என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. ஆனால் அதை நான் அவளிடம் சொல்லவில்லை. என் வாயில் வந்தது, “அய்யய்யோ, அக்கா” என்பதுதான்.

அவள் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். தலைப்பில் ஒரு பொட்டு நிறம்கூட ஏறவில்லை. பெரியம்மா அர்ச்சனைத் தட்டை எங்கள் கையில் கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கப் போயிருந்தார். அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டில் தேங்காய், பழத்துக்குப் பக்கத்தில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன. கல்யாண வீடுகளில் வெற்றிலை போட்ட பெண்களின் வாய் சிவந்திருப்பதை நான் பார்த்திருந்தேன். “வெத்தலை போட்டுக்கக்கா, யாரும் கேக்க மாட்டாக” என்றேன். பூக்காரம்மாவிடம் நானே போய்ச் சுண்ணாம்பும் வாங்கிவந்தேன். “படிக்கிற பிள்ளை வெத்தலை போட்டா மாடு முட்டும்டி” என்று சிரித்துக்கொண்டே என் விரலில் தடவிவிட்டார்.

வெற்றிலை போட்டுப் பழக்கமில்லாத அக்கா, சுண்ணாம்பு நாக்கைச் சுட, கன்னம் உப்ப மென்றுகொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். ஒருமுறை குனிந்து துப்பினாள். அந்த நேரத்தில் கடுகு நிறப் புடவை கட்டிய ஒரு அம்மா எங்களிடம் வந்து, படியேற எங்குட்டுப் போகவேண்டும் என்று அக்காவைக் கேட்டார். வாய் நிறைய எச்சிலோடு அக்கா கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். அந்த அம்மா அவள் உதட்டைப் பார்த்தார், வெற்றிலை குறைந்த தட்டைப் பார்த்தார், சரி தாயி என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே சந்நிதி வரிசையில், பெரியம்மா அவரைப் பார்த்துக் கை கூப்பி, “வாங்க, எப்ப வந்தீக?” என்று கேட்டபோதுதான் அவர் யாரென்று எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் புகைப்படத்தில் இருந்தவர் நின்றிருந்தார். வீடு திரும்பும்வரை அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். பெரியம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கும்வரை வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னார்: “ஒதட்டுல சாயம்னாக்கூட இந்தக் காலத்துப் பொண்ணுன்னு விட்ரலாம். கொமரிப் பொண்ணு கோயில் தட்டுல இருந்து வெத்தலைய எடுத்துப் போட்டுக்கிட்டு நிக்கிதே, அதுதான் மனசுக்கு ஒப்பல.”

சாயத்தை அவர் முதலிலேயே பார்த்திருக்கிறார், மன்னித்தும் இருக்கிறார். நான் அதை மறைக்கச் சொன்ன வழிதான் கெடுத்தது. இதை எத்தனை முறை எனக்குள் சொல்லிப் பார்த்தாலும், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்துதான் நிற்கிறது.

பெரியம்மா அக்காவைக் கேட்டார். “பல்லு வலிச்சுச்சும்மா. வெத்தலை போட்டாக் கேக்கும்னாக, போட்டேன்” என்றாள் அக்கா. “பல்லு வலிக்கு அன்னைக்கித்தான் நாள் கெடச்சுச்சாக்கும்” என்று சொல்லிவிட்டு, பெரியம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தேய்த்துவிட்ட என் விரல் நுனியில் அந்த ராணி நிறம் அப்படியே இருந்தது. இதென்ன என்று கேட்ட என் அம்மாவிடம் மருதாணி என்றேன். நான் முன்னால் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் தரகர் மறுபடியும் மானாமதுரைக்குப் போயிருப்பாரோ, அந்த அம்மா சிரித்திருப்பாரோ, தெரியாது. நான் சொல்லவில்லை. இன்னும் மூன்று நாளில் விரலில் நிறம் போய்விட்டது. அக்கா அதற்குப் பிறகு தாள் சுருட்டு எதையும் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்கு வருடம் கழித்து அவளுக்குத் திருப்பூரில் கல்யாணமானது. இரண்டு பையன்கள், பனியன் கம்பெனியில் கணவருக்கு ஒரு ஷிப்ட், அவளுக்கு ஒரு ஷிப்ட். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. அந்த டைல்ஸ் கடையை இப்போதும் மானாமதுரைப் பக்கம் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன். இரண்டு மாடி எழுப்பிவிட்டார்கள். அதைப் பார்க்கிற அன்றைக்கு எனக்கு வேலை ஓடுவதில்லை. பிள்ளைக்கு ஊசி போடுவதா வேண்டாமா, எந்தப் பள்ளி, எந்த மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று பேரைக் கேட்டுவிட்டு நாலாவதாக ஒருத்தரைத் தேடுகிறேனே, அது அந்தப் பச்சைக் குச்சியிலிருந்து தொடங்கியதா என்றும் சில சமயம் யோசிக்கிறேன். யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன்.

கடையிலிருந்து வந்த அன்றே அக்காவுக்கு ஃபோன் செய்தேன். யாழினிக்கு எந்த லிப்ஸ்டிக் வாங்கலாம் என்று கேட்பதுபோல் தொடங்கி, இருபது வருடத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்: நான் கதவுக்குப் பின்னால் நின்றது, மருதாணி என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும். என் மேல் கோபமா என்றும் கேட்டேன். அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

“அந்தப் பச்சைக் குச்சி இன்னும் கெடைக்குதாடி?” என்றாள்.

“தெரியலக்கா.”

“நான் அதப் போட்டுக் கண்ணாடியே பாக்கல பாத்துக்க. வீட்டுக்கு வந்து பாத்தப்ப வெத்தலையும் சேந்து கத்திரிக்கா மாதிரி கெடந்துச்சு. பஸ்ஸ விட்டு எறங்கயில நீதான பாத்த. எப்படி இருந்துச்சு?”

நன்றாக இருந்தது என்றேன். ரொம்ப நன்றாக இருந்தது என்று மறுபடியும் சொன்னேன். “அன்னைக்கி அதச் சொல்லியிருக்கலாம்ல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் இல்லாமலும் சொல்லவில்லை. சோறு குழைந்துவிடும் என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

அந்தக் குச்சியைத் தேடி நான்கு கடை ஏறி இறங்கினேன். அக்கா வேலை பார்த்த ஃபேன்சி ஸ்டோர் இருந்த இடத்தில் செல்ஃபோன் உறை விற்கிறார்கள். பச்சை லிப்ஸ்டிக் என்று நான் சொன்னதும் மற்ற கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். புறங்கையில் இழுத்துக் காட்டும் பெண்களும் இப்போது இல்லை. நாமே நம் கையில் போட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான். மலையடியில் தற்செயலாகப் பார்ப்பதும் குறைந்துவிட்டது. முதலில் ஃபோனில் படம் போகிறது, அந்தப் படத்திலேயே உதட்டுக்கு வேண்டிய நிறத்தை ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஆண்டு விழா அன்று யாழினிக்கு, கடைசியில் அந்த மருந்துக் கடையிலேயே வாங்கிவந்த இளஞ்சிவப்பைப் போட்டுவிட்டேன். நக்காதே, பேசாதே, தண்ணீர் குடிக்காதே என்று மூன்றையும் சொல்லி முடித்து, போதுமா அதிகமா என்று கொஞ்சம் துடைக்கப் போன கையை நிறுத்திக்கொண்டு, ஜடை பின்னுவதற்கும் நெற்றிச்சுட்டி வைப்பதற்கும் முன்னால், கைக்கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். வேன் வெளியே ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.