பச்சை விளக்கு எரியும் வரை

வினிஃப்ரெட் சிவில் இன்ஜினியர். ஜொகூர் மாநிலத்துக் கெலாங் பாத்தாவிலிருந்து தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய், பத்தொன்பது வருஷம் கான்கிரீட்டை நம்பிச் சோறு தின்றவள். ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு, லாயாங் லாயாங்கில் நிலம் வாங்கி, மண்வீடு கட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்றபோது, அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். கணவர் மரியநாதன் மட்டும், "மண்ணு மிதிக்க ஆள் வேணும்னா நான் இருக்கேன்லா" என்றார்.

வாயால் சொன்னதோடு நிற்கவில்லை மனிதர். சனி ஞாயிறு வகுப்புக்கு வரும் பேங்க்காரர்கள், டீச்சர்கள் நடுவே கால்சட்டையை மடித்துவிட்டுச் செம்மண்ணையும் லாலாங் புல்லையும் சேர்த்து மிதித்தார். வகுப்பில் மாதிரியாக எழுப்பிய அந்த ஒற்றை அறை வீட்டில்தான் இருவரும் குடியேறுவதாக இருந்தது. சுவர் எழும்பி முடிந்த மாதம், அவர் நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது.

"வினி, ஒரு நாள் அங்க படுத்துட்டு வரலாமே."

"சுவரு இன்னும் ஈரங்க. உங்க நெஞ்சுக்கு ஆகாது. காயட்டும்."

அவளிடம் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. சுவரில் அதன் ஊசியைக் குத்தினால், ஈரமென்றால் சிவப்பு விளக்கு, காய்ந்திருந்தால் பச்சை. பச்சை எரியாமல் யாரும் குடிபுகக் கூடாது என்பது அவள் வகுப்பின் முதல் பாடம். ஜொகூர் மழைக்குப் பாடமா, படிப்பா? தினமும் மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது. தினமும் சிவப்புதான். அவர் கேட்பார், அவள் காயட்டும் என்பாள். பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். அதைத்தான் அவளால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

ஜனவரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவர் உயிர் போனது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவள் தனியாகப் போய்ச் சுவரில் ஊசியைக் குத்தினாள். பச்சை எரிந்தது. அந்தச் சுவரிலேயே சாய்ந்து அழுதாள்.

வகுப்பு இப்போது மறுபடி நடக்கிறது. போன வாரம் முபீனா என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் கேட்டார்: "டீச்சர், பச்சை எரியறதுக்கு முன்னாடி ஒரு நாள் உள்ள படுத்தா என்னா ஆவும்?"

வினிஃப்ரெட் கருவியை மேசைமேல் வைத்தாள்.

"வீட்டுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. யாராச்சும் ஆசைப்பட்டுக் கேட்டா, ரெண்டு போர்வையா போத்தி, படுக்க விட்டுருங்க. நான் விடல."