அசனத்தில் நான் எடுத்த பாட்டு

மூன்று வருஷத்துக்கு முன்பு, சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் சர்ச்சில், பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தன்று நடந்தது இது. அசனம் என்றால் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாயில் சோற்றைக் குவித்த பிறகு, முதல் அகப்பை போடுவதற்கு முன்னால் எல்லோரும் நின்று ஒரு கீர்த்தனை பாடுவோம். மைக் கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இருபது வருஷமாக எடுத்துக் கொடுப்பவன் நான். நாலு பேர் இருந்தால் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மிஷினில் வேலை. வருஷத்தில் அந்த ஒரு பாட்டுக்குத்தான் ஊர் என் முகத்தைப் பார்க்கும்.

எங்கள் சபையிலேயே இன்னொரு குரல் உண்டு; ஒரு பெண், என்னைவிட நாலு வயசு சின்னவள். இளவட்டமாக இருந்தபோது சர்ச் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடினோம். பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் ஒத்திகைக்கு வருவாள். நான் பத்து நாள் பழகும் ராகத்தை ஒரு தடவை கேட்டதும் பாடிவிடுவாள். அப்போதே எனக்குள் புகைச்சல்தான். ஒரு கிறிஸ்துமஸ் பவனியில் அவள் குரலைக் கேட்ட ஓர் ஆர்கெஸ்ட்ராக்காரர் மேடையில் பாடக் கூட்டிக்கொண்டு போனார். ஜிகினா உடுப்பு, சுற்றுகிற கலர் லைட், ஆட வைக்கிற வேகப் பாட்டு. சாத்தூர், விருதுநகர், கோவில்பட்டி என்று திருவிழா மேடையெல்லாம் அவள்தான். பிறகு மலேசியா, துபாய்.

இது போதாதென்று அவள் போஸ்டர் எங்கள் அச்சகத்துக்கே வரும். சிரித்துக்கொண்டிருக்கும் அவள் முகத்தைக் கட்டுக் கட்டாக நான்தான் ஓரம் வெட்ட வேண்டும்.

"ஏலே, ஒங்க சர்ச்சுப் பொண்ணுதான இது? அது எங்கன இருக்கு, நீ எங்கன இருக்க பாத்தியா?" என்பார் பக்கத்து மிஷின்காரர். நானும் சிரித்துவைப்பேன். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. "ஆட்டப் பாட்டுல எவன் சுருதி பாக்கான்?" என்று மனைவியிடம் இளக்காரமாகச் சொல்வேன். ஆனால் அந்த மேடைப் பாட்டு வீடியோக்களை ஒன்று விடாமல் தனியாக உட்கார்ந்து கேட்பேன். எந்த ஆட்டப் பாட்டிலும் குரலை இழுத்து மேலே ஏற்றும் இடத்தில் எங்கள் கீர்த்தனை அப்படியே இருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மன் கோயில் மேடையில் ஆடிப் பாடுகிறவள் சபையில் பாடக்கூடாது என்று எங்கள் பெரியவர்கள் சிலர் பல வருஷம் தடுத்து வைத்திருந்தார்கள். அவள் அம்மாவுக்கோ, கண்ணை மூடுவதற்குள் மகள் சபையில் பாடிக் கேட்டுவிட வேண்டும். அந்த அம்மா நடையாய் நடந்து கேட்டதில், எங்கள் ஐயர், அதாவது பாஸ்டர், அந்த வருஷ அசனப் பாட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து எடுக்கட்டும் என்றார். நன்றாகப் பாடினால் அவளுக்குக் கதவு திறக்கும். தடுமாறினால் பெரியவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று மத்தியானம் சமையல் பந்தலுக்கு என்னைத் தேடி வந்தாள். குரல் கரகரத்தது.

"அண்ணே, நல்லா இருக்கீகளா? மூணு நாளா புரோகிராம், தொண்டை கட்டிப்போச்சு. கொஞ்சம் கீழயே எடுங்கண்ணே. அம்மா கேக்கணும்."

"சரி தாயி" என்றேன்.

சோற்றில் ஆவி பறந்தது. அவள் அம்மா முக்காடு போட்டு முன்னால் நின்றார். கூட்டம் முழுக்க அவளையே பார்த்தது. எனக்கென்று இருந்த ஒரு நாளும் போச்சு. வழக்கமாக எடுப்பதைவிடச் சுருதியை இரண்டு கட்டை மேலே ஏற்றி எடுத்தேன். வேண்டுமென்றேதான்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சேர்ந்து பாடவில்லை. இரண்டாவது வரி இன்னும் மேலே ஏறும். அவளைக் கவிழ்க்கிற ஆத்திரத்தில் என் வயசை மறந்துவிட்டேன். உச்சியில் என் குரல் கிறீச்சென்று உடைந்து நின்றது.

"புஸ்வாணம் நமத்துப்போச்சுலே!" என்று யாரோ சொல்ல, சிரிப்பு கிளம்பியது.

அது பெரிதாவதற்குள் அவள் எடுத்தாள். நான் விட்ட அதே சொல்லிலிருந்து, ஒரு ஸ்தாயி கீழே, கரகரத்த அடிக்குரலில். கூடவே கை தட்டினாள். மேடையில் கூட்டத்தை எழுப்புகிற தட்டு அது. இழுத்து இழுத்தே பாடிப் பழகிய எங்கள் கீர்த்தனை துள்ளி எழுந்தது. வயசான பெண்கள்கூடக் கை தட்டினார்கள். கடைசிச் சரணத்தில் என் பக்கம் திரும்பி, 'வாங்க' என்று தலையசைத்தாள். குனிந்த தலையோடு பாடினேன்.

முடிந்ததும், அவளை எதிர்த்து வந்த பெரியவர் ஒருவர் என்னிடம், "என்னப்பா, நடுவுல விட்டுட்ட?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "அண்ணன் எனக்குன்னுதான் அந்த எடத்த விட்டாக. பேசிவச்சதுதான்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "அடுத்த பண்டிகைக்கும் வந்துரு தாயி" என்றார். அவள் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பரிமாறும்போது கறிக்குழம்பு வாளியோடு அவள் இலை முன்னால் நின்றேன். "வேணும்னேதான் மேல எடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

"தெரியும்ணே. மேடையில எம்புட்டுப் பேரு பண்ணியிருக்காக! நான் முழிக்கட்டும்னு கீபோர்டுல ஒரு கட்டை ஏத்தி வச்சிருவாக. கீழ எறங்கிப் பாட அங்கனதான் படிச்சேன்." இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நம்ம ஊர்லயும் நடக்கும்னு நெனக்கல. ஊத்துங்கண்ணே, வரிசை நிக்குது."

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் பொய். அன்றுவரை அவள் குரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது, கவிழ்க்க வந்தவனை ஊர் முன்னால் காப்பாற்றிவிட்டு, அவன் கையாலேயே குழம்பு வாங்கிச் சாப்பிட அவளால் முடிந்ததே, அந்த மனசைப் பார்த்துத்தான் பொறாமைப்படுகிறேன்.