ஒரு பெட்டிக்குக் கரன்ட் வயரே இல்லை

ஆட்டோவில் ஊர் ஊராகப் போகும் அறிவிப்புக்குக் குரல் கொடுப்பவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் அவனை ஏமாற்றுவது எல்லோருக்கும் சுலபம். எனக்கு நடந்த அநியாயங்களை வரிசை தவறாமல் சொல்கிறேன். முதலாவது, அரூர் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் ஜீப்பைப் பார்த்த மைக் செட்காரர் மைக்கை அணைத்தது. இரண்டாவது, நான் எழுதிய துண்டறிக்கையின் கீழே வேறொருவர் பெயரை அச்சடித்தது. மூன்றாவது, என் முழங்கால் போனதும், "நீங்க வூட்லயே உக்காந்து அறிவிப்பைப் பதிவு பண்ணுங்க தோழர்" என்று எங்கள் தக்காளி விவசாயிகள் சங்கம் என்னை மேடையிலிருந்து இறக்கியது. நான்காவது, போன ஆர்ப்பாட்டத்துக்கு என் அறிவிப்பு எல்லா ஊருக்கும் போயும் கூட்டம் வராதது.

இன்னொரு முறை கூட்டம் வராவிட்டால் அறிவிப்பு வேலையும் கைவிட்டுப் போகும். சங்கத்தில் எனக்கு மிஞ்சியிருந்த இடம் அது ஒன்றுதான். விசாரித்ததில் குற்றவாளி என் வீட்டிலேயே இருந்தது. பாட்டுக் கேட்க வாங்கிய ஹோம் தியேட்டரில் சிங்கமாகக் கேட்ட என் குரல், ஆட்டோவின் குழாய் ஸ்பீக்கரில் வெறும் முனகலாகப் போயிருக்கிறது. பதிவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் ஸ்பீக்கருக்கு ஸ்டுடியோ மானிட்டர் என்று பெயராம். மேசை மேல் வைக்கிற அளவில், சங்கத்தின் கைக்கு எட்டுகிற விலையில் ஒரு ஜோடி தேடிப் புறப்பட்டேன். கடை கடையாக ஏறி இறங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

குலுங்கிய கண்ணாடி

தர்மபுரியில் முதல் கடைக்காரர் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். அலமாரிக் கண்ணாடி குலுங்கியது. பாட்டு வேண்டாம், இதைப் போடுங்கள் என்று என் அறிவிப்பு இருந்த பென் டிரைவைக் கொடுத்தேன். போட்டவர், நான் பார்க்காத நேரத்தில் ஒரு பட்டனை அழுத்தினார். உடனே என் குரல் மந்திரி குரலாகிவிட்டது. அந்தப் பட்டனை அணைக்கச் சொன்னேன். அட்டைப் பெட்டியில் போட்டிருந்த வாட் கணக்கைக் காட்டி, "இது பேசறதுக்கா, தொப்பூர் கணவாய்ல லாரி இழுக்கறதுக்கா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஸ்பீக்கர் வாங்க வர்றவங்க கேட்டுட்டுச் சந்தோஷப்படுவாங்க. நீங்கதாங்க ஐயா, கேஸ் போட வந்த மாதிரியே நிக்கறீங்க."

வயர் இல்லாத பெட்டி

எங்கள் பொருளாளர் ரோஸ்மேரி. தக்காளி போடுகிற குடும்பம். ஞாயிறு பூசை முடிந்ததும் நேராகத் தோட்டத்துக்குப் போகிற பெண். பெரிய மானிட்டர் கேட்டேன். "பேச்சுதானே கேக்கணும், இடி எதுக்குங்ணா?" என்று சின்ன ஜோடிக்குத்தான் சம்மதித்தாள். வேறொரு கடையில் வாங்கி வந்து பிரித்தால், ஒரு பெட்டிக்குத்தான் கரன்ட் வயர், சத்தம் கூட்டுகிற திருகு எல்லாம். இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. பாதி சரக்கை விற்றுவிட்டான்! ரோஸ்மேரியையும் தோழர்களையும் பஸ் ஏற்றிக்கொண்டு போய்க் கடை வாசலில் கோஷம் போட்டேன்.

கடைக்காரர் இரண்டு பெட்டியையும் ஒரு சின்ன வயரால் இணைத்தார். இரண்டும் பாடின. "உங்க தோட்டத்துல ஒரே மோட்டார்தானே ரெண்டு வயலுக்கும் தண்ணி விடுது? அதேதாங்க. ரெண்டுக்கும் சத்தம் குடுக்கற ஆம்ப் இந்தப் பெட்டிக்குள்ள இருக்குது" என்றார். அப்படியும் நம்பாமல் அந்த ஊமைப் பெட்டியின் பின்புறத்தைத் தட்டிப் பார்த்தேன்.

ரோஸ்மேரி சொன்னாள்: "கோஷத்தை வாபஸ் வாங்கிக்கிட்டுப் பொட்டியைத் தூக்குங்ணா, பஸ்ஸு போயிரும்."

தெருவைப் பார்த்த பெட்டிகள்

எங்கள் ஆட்களுக்கு ஸ்பீக்கர் என்றால் ஜனங்களைப் பார்த்து இருக்க வேண்டும். செயலாளர் முனியப்பன் இரண்டையும் என் ஜன்னலில் தெருவைப் பார்த்து வைத்துவிட்டு, எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க பஸ் நிறுத்தம் வரை நடந்தார். அங்கிருந்து போன் வந்தது: "ஒண்ணும் கேக்கல தோழர், நல்லா ஏமாத்திட்டானுங்க!" எனக்கும் அதே சந்தேகம்தான்.

பெட்டியோடு வந்த தாளை ரோஸ்மேரி படித்தாள். சுவரை விட்டுத் தள்ளி, காது உயரத்தில், இரண்டும் கேட்பவன் முகத்தைப் பார்த்து இருக்க வேண்டுமாம். திருப்பி வைத்தாள்.

முனியப்பன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொன்னார்: "ஒருத்தருக்கு மட்டும் கேக்கற ஸ்பீக்கரு, சங்கத்துக்கு எதுக்குங்க?"

சாட்சிகள்

அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கான அறிவிப்பைக் கேட்கக் கமிட்டி முழுக்க என் வீட்டுக்கு வந்தது. ஓட்டினேன். பெட்டிகளிலிருந்து யாரோ ஒரு கிழவன் பேசினான். பல் சந்தில் காற்று விசிலடித்தது. ஒவ்வொரு வரியின் முடிவும் மூச்சுக்குள் விழுந்து காணாமல் போனது. பெட்டியில் கோளாறு என்றேன். வயரைக் கழற்றி மாட்டினேன். பிறகு பெட்டியை அம்பலப்படுத்துவதற்காகவே, அதே வரிகளை ரோஸ்மேரியைப் பேச வைத்துப் பதிவு செய்து ஓட்டினேன். ஒவ்வொரு சொல்லும் எதிரே வந்து நின்றது. அதே பெட்டி, அதே வயர்.

முனியப்பன் மின்விசிறியைப் பார்த்தார். நான் எழுந்து பழைய ஹோம் தியேட்டரை மாட்டினேன். சிங்கம் திரும்பி வந்தது. யாரும் கை தட்டவில்லை.

ரோஸ்மேரி மெல்லச் சொன்னாள்: "இருக்கட்டும்ங்ணா, பழையதுலயே கேட்டுக்கலாம். நீங்களே பேசுங்க."

போலீஸ் அடியைத் தாங்கியிருக்கிறேன். இதைத் தாங்க முடியவில்லை. சிங்கத்தை அணைத்துவிட்டு, "அறிவிப்புக் குரலுக்கு ஒரு பெயரை முன்மொழிகிறேன், எல்லாரும் சாட்சி" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

பொய் சொல்லாத பெட்டி வேண்டும் என்று ஊரையே சந்தேகப்பட்டு அலைந்தவன், அது என்னைப் பற்றியும் பொய் சொல்லாது என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டதால், விசிலடிக்கிற இந்தப் பல்லோடு உரக்க வாசித்த பெயர்: ஆ. ரோஸ்மேரி.